முதுமைக்கும் உலா வேண்டும்

நம் மக்களிடம் ஈகைக் குணம் குன்றிவிட்டதென்று எவரும் குறை கூற முடியாது. வட மாகாணத்தில் இன்று இயங்கும் முதியோர் இல்லங்களின் மதிய உணவைப் பார்த்தாலே அது விளங்கும். தந்தையின் ஆண்டு நினைவு, பிள்ளையின் பிறந்த நாள், கடல் கடந்து வாழும் மகளின் திருமண நாள் என்று ஏதோ ஒரு காரணம் பற்றி ஒரு குடும்பம் ஒரு நாளைய உணவை ஏற்றுக்கொள்கிறது. அன்று பாயசமும் உண்டு. கொடுத்தவர் சார்பில் உறவினர் ஒருவர் வந்து பரிமாறுகிறார். புகைப்படம் எடுக்கப்படுகிறது. அது அன்று மாலையே கனடாவுக்கோ சுவிற்சர்லாந்துக்கோ சென்று சேர்ந்துவிடுகிறது. இவ்வழக்கத்தை நான் இகழவில்லை. பசித்தவனுக்குச் சோறிடுவதைத் தலையாய அறமாகக் கொண்ட ஒரு மரபில் இது நன்றே.

ஆயினும், உணவு அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இலை எடுத்தபின், இரவு விளக்கணைக்கும் வரையுள்ள எட்டு ஒன்பது மணி நேரத்தை அம்முதியவர் என்ன செய்வது என்ற கேள்வியை நாம் எழுப்புவதில்லை. நாற்காலிகள் சுவரோரமாக வரிசையாக இடப்பட்டிருக்கும். அவற்றில் அமர்ந்து வாயிலை நோக்கியிருத்தலே பலருடைய பகற்பொழுதின் முழுத் தொழிலாக இருக்கிறது. நாளைக்கும் அதுவே, அடுத்த மாதத்திற்கும் அதுவே. உண்ணக் கிடைப்பதை வாழக் கிடைப்பதாக நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு. முதியோர் இல்லத்தில் வாழ்வோருக்குச் செய்கருமமும் வெளியுலாவும் பண்டிகை நாளில் அளிக்கும் மிட்டாயைப் போன்றவையல்ல. உணவையும் மருந்தையும் போல அன்றாடம் வேண்டப்படுபவை. இதனை மன்னார்த் தீவையும் அதனையடுத்த கரையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

மன்னாரை எடுத்துக் கொண்டமைக்குக் காரணமுண்டு. இத்தீவின் முதியவர்கள் அசைந்து திரிந்த தலைமுறையினர். 1914ஆம் ஆண்டில் தலைமன்னார் வரை இருப்புப்பாதை வந்து, கப்பலுடன் இணைந்து, கொழும்பையும் சென்னையையும் ஒரே பயணத்தில் கோத்தது. 1964 டிசம்பரில் வீசிய பெரும் புயல் எதிர்க்கரையில் தனுஷ்கோடியை அழித்தபோது, இன்று எண்பது வயதைத் தொட்டவர்கள் கட்டிளங் காளையராகவும் கன்னியராகவும் இருந்தனர். அதன் பின்னர் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் 1984 வரை கப்பல் ஓடியது. பிறகு கப்பல் நின்றது, போர் மூண்டது, 1990இல் ரயிலும் நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி முதலிய ஊர்கள் வெறிச்சோடின. அம்மக்களிற் பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாக வாழ நேர்ந்தது. தமிழர் பலர் படகேறி இராமேஸ்வரக் கரையடைந்து மண்டபம் முகாம் வழியாகத் தமிழ்நாட்டின் பல முகாம்களுக்குச் சென்றனர். வேறு பலர் மடுத் தேவாலய வளவில் தஞ்சம் புகுந்தனர். இளையவர்கள் வாய்ப்புக் கிடைத்த வழியே ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போயினர்.

இந்த வரலாற்றின் எச்சமே இன்று நாம் காணும் தனித்த முதுமை. பெற்றோரை இல்லத்திற் சேர்த்த பிள்ளைகள் யாவரையும் நன்றி கொன்றவரெனத் தூற்றுவது நம் மேடைப் பேச்சாளர்க்கு எளிதாக இருக்கிறது. பிள்ளைகளிற் சிலர் குற்றமுடையோரே. சட்டமும் அதனை அறியும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பேண இயலாத பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடலாகாதென்று விதித்திருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளை போரில் மாண்டது, ஒரு பிள்ளை திருச்சிக்கருகே முகாமில் வாழ்கிறது, மற்றொன்று ஜெர்மனியில் இரவுப் பணி செய்கிறது என்றால் அந்தத் தாயை யார் கைவிட்டார்? தூற்றலால் அவளுடைய பகற்பொழுது நிறையப் போவதில்லை.

இதுவோ சிலருக்கு மட்டும் வாய்த்த துயரமும் அன்று. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு ஏழு பேரளவில் இருந்தனர். 2012ஆம் ஆண்டுக் கணக்கில் அது நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் உயர்ந்தது. அதன் பின்னரும் உயர்ந்தே வந்திருக்கிறது. கூட்டுக் குடும்பம் மீண்டும் வருமென்று காத்திருப்போர் காத்திருக்கட்டும். இல்லங்கள் பெருகத்தான் போகின்றன. அவை எப்படிப்பட்ட இல்லங்களாக இருக்கவேண்டும் என்று இப்பொழுதே எண்ணுவது அறிவுடைமை.

முதியோர் இல்லம் என்ற ஏற்பாட்டின் தொடக்கத்தைப் பார்ப்போம். பிரான்சு தேசத்தில் 1839ஆம் ஆண்டு ஜான் ஜூகன் என்ற எளிய பெண்ணொருத்தி, பார்வையிழந்த ஒரு கிழவியைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்து தன் படுக்கையையே கொடுத்தாள். அதிலிருந்து பிறந்ததே ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்னும் கன்னியர் சபை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்பே அச்சபை கொழும்புக்கும் வந்து முதியோரைப் பேணத் தொடங்கியது. நம் பகுதியில் கைதடி அரச முதியோர் இல்லத்தை அறியாதார் இல்லை. கூரையில்லாதவனுக்குக் கூரை, சோறில்லாதவனுக்குச் சோறு, நோயுற்றவனுக்கு மருந்து என்ற மூன்றுமே இவ்வில்லங்களின் முதல் நோக்கம். அந்நோக்கம் பெரியது. ஆனால் அது நோக்கத்தின் முதற்படிதான்.

ஐக்கிய நாடுகள் சபை 1991 டிசம்பரில் முதியோருக்கான பதினெட்டுக் கோட்பாடுகளை வகுத்தது. அவற்றை ஐந்து தலைப்புகளில் தொகுத்திருக்கிறது: சுதந்திரம், சமூகத்திற் பங்கேற்றல், பராமரிப்பு, தன்னிறைவெய்தல், கண்ணியம். இவ்வைந்தில் பராமரிப்பு ஒன்றே ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும். நம் இல்லங்களில் அந்த ஒன்றுக்காகவே பணமும் ஆளும் செலவாகின்றன. மற்றை நான்குக்கும் ஆண்டிலொருமுறை, அக்டோபர் முதலாந் திகதி, முதியோர் தினமென்ற பெயரால் ஒரு நாள் ஒதுக்கப்படுகிறது.

அந்த ஒரு நாளிலும் என்ன நடக்கிறது? சங்கீதக் கதிரை, தொப்பி மாற்றுதல், பலூன் ஊதி உடைத்தல். எழுபத்தெட்டு வயதுப் பெரியவரை, அவர் நெற்றி வியர்க்க, நாற்காலியைச் சுற்றி ஓடவைத்து நாம் கைதட்டுகிறோம். நல்லெண்ணத்தால் செய்யப்படுவதென்பதை நான் அறிவேன். சிலர் மகிழ்வதும் உண்டு. ஆனால் முதுமை இரண்டாவது குழந்தைப் பருவம் என்ற பழமொழிப் போக்கான எண்ணம் நம்மை எங்கே கொண்டு வந்து விட்டிருக்கிறது, பாருங்கள். குழந்தைக்கு நேற்று என்பது இல்லை. முதியவருக்கோ நேற்றே செல்வம். மன்னார்ப் பகுதி நாட்டுக்கூத்து வளர்ந்த நிலம். என்றிக்கு எம்பரதோர், மூவிராசாக்கள் முதலிய நாடகங்களையும் வாசாப்புகளையும் விடிய விடிய ஆடிய ஊர்கள் இங்கே உள்ளன. பேசாலையின் திருப்பாடுகளின் காட்சியான உடக்குப்பாசைப் பார்க்க அயலூர்கள் திரண்டு வந்தன. அத்தகைய மேடையிலே அரசனாக நின்று பாடியவருக்கு இன்று நாம் கொடுக்கும் வேடம் பலூன் ஊதுபவர் வேடமா?

முதியோருக்குச் செயல் வேண்டும் என்பது வெறும் இரக்கத்தாற் கூறப்படும் சொல்லன்று. ஆராய்ந்து கண்டதும் உண்டு. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் பராமரிப்பு இல்லமொன்றில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் இரு உளநூலறிஞர் நடத்திய ஆய்வு 1976இல் வெளிவந்தது. ஒரு மாடியில் வாழ்ந்தவர்களிடம், உங்கள் அறையும் பொழுதும் உங்கள் பொறுப்பு என்று கூறி, ஆளுக்கொரு செடியைத் தாமே தேர்ந்து தாமே வளர்க்குமாறு விட்டனர். திரைப்படத்தை எந்த இரவில் பார்ப்பதென்பதும் அவர்கள் விருப்பமே. மற்றொரு மாடியில் வாழ்ந்தவர்களுக்கும் செடி கொடுத்தனர். ஆனால் நீரூற்றும் வேலையைத் தாதியர் செய்வரெனக் கூறிவிட்டனர். சில வாரங்களில் முதற் கூட்டத்தார் அதிகச் சுறுசுறுப்பும் மனமகிழ்ச்சியும் உடையோராகக் காணப்பட்டனர். பதினெட்டு மாதங்களின் பின் அவர்களிடையே இறப்பும் குறைவாக இருந்தது. இறப்பைப் பற்றிய கணக்கிற் பிழை நேர்ந்ததென ஆய்வாளரே பின்னர்த் திருத்தம் வெளியிட்டனர் என்பதால், அதனைப் பெரிதுபடுத்தலாகாது. ஆயினும், பேணப்படுவதை மட்டுமே தொழிலாகக் கொண்ட மனிதன் வாடுகிறான், பேணுவதற்கு ஒன்றிருந்தால் தளிர்க்கிறான் என்ற முதன்மையான உண்மை அதனால் குன்றவில்லை.

பதினைந்து ஆண்டுகளின் பின், 1991இல், நியூயோர்க் மாநிலத்துச் சிற்றூரொன்றின் முதியோர் இல்லத்திற்கு மருத்துவராக வந்த பில் தொமஸ், அங்குள்ளோரை வாட்டும் நோய்கள் மூன்றெனக் கண்டார்: தனிமை, வேலையின்மையாற் பிறக்கும் சலிப்பு, பிறருக்குப் பயன்படாதோமென்ற இயலாமை. இவற்றுக்கு மருந்துக் கடையிற் குளிகை இல்லை. அவர் இரண்டு நாய்களையும் நான்கு பூனைகளையும் நூறு பறவைகளையும் இல்லத்திற் கொண்டுவந்து சேர்த்தார், சிறுவரை வரவழைத்தார், தோட்டம் போட்டார். பேசாதிருந்தவர் பேசினர்; எழாதிருந்தவர் நாயை நடத்திச் செல்ல எழுந்தனர். மன்னார் நகர்த் தெருக்களிற் கழுதைகள் உரிமையாளரின்றி உலவுவது நாடறிந்த செய்தி. நமக்கு நாயையும் பறவையையும் விலை கொடுத்து வாங்கவேண்டிய தேவைகூட இல்லை. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பிடி புல்லும் வாயிலில் வைக்கும் பொறுப்பை ஒரு பெரியவரிடம் ஒப்படைத்தாற் போதும். மறுநாட் காலை அவரைத் தேடி ஒரு சீவன் வரும்.

இனி, உலாவைப் பற்றிக் கூறுகிறேன். 2012ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் ஓலே கசோவ் என்பவர், முதியோர் இல்லத்து வாயிலில் நாள்தோறும் அமர்ந்திருந்த ஒரு பெரியவரைக் கண்டு, வாடகைக்கு ஒரு மிதிவண்டி ரிக்‌ஷாவை எடுத்துவந்து அவ்வில்லத்தவரை நகரைச் சுற்றி அழைத்துச் சென்றார். அச்சிறு செயல் பல நாடுகளிற் பரவிய ஓரியக்கமாக இன்று வளர்ந்திருக்கிறது. அதற்கு அவர் கட்டடம் கட்டவில்லை. நிதி திரட்டும் விழா நடத்தவில்லை. ஒரு வண்டி, ஓட்ட ஒரு கால், ஒரு காலைப்பொழுது. மன்னாரிலோ ஒவ்வொரு சந்தியிலும் முச்சக்கர வண்டி நிற்கிறது. தீவு மட்டமான நிலம், ஏற்ற இறக்கமில்லை. இயற்கையே சக்கர நாற்காலிக்கு வழி சமைத்துக் கொடுத்திருக்கிறது.

உலா என்றதும் பேருந்து நிறைய ஏற்றி, ஒலிபெருக்கி முழங்க, கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் கொண்டுபோவதையே நம்மவர் எண்ணுகின்றனர். முதிய உடலுக்கு அது தண்டனை. நான் கூறும் உலா வேறுவகை. ஒருவர் வாழ்ந்த இடத்துக்கு அவரைத் திரும்ப ஒருமுறை கொண்டுசெல்வதே அது. பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் அடி பத்து நிமிடப் பயணம். அரபு வணிகர் கொண்டுவந்தது என்று வழிவழியாகக் கூறப்படும் அம்மரத்தின் முன்னே எந்த மனிதரும் இளையவராகிவிடுகிறார். தலைமன்னார் இறங்குதுறையைக் கப்பற் காலத்தில் அறிந்தவரை மீண்டும் அங்கே நிறுத்திப் பாருங்கள். ஊருக்குத் தெரியாத வரலாறு வெளிவரும். இந்தியாவின் உதவியால் மீளக் கட்டப்பட்ட மடுவீதி - தலைமன்னார் இருப்புப்பாதை 2015 மார்ச்சு 14ஆம் திகதி திறக்கப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகள் ரயிலின் கூவலைக் கேளாதிருந்த ஊர் அது. அந்த இருபத்தைந்து ஆண்டுகளையும் கடந்து வந்தவர்களுக்கு நிலையத்து மேடையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பதே உலாதான்.

சமயமும் இங்கு துணைநிற்கும். ஆகஸ்டு 15இல் நிகழும் மடுப் பெருவிழாவுக்குக் குடும்பத்தோடு சென்று மரநிழலிற் கூடாரமிட்டுத் தங்கிய நினைவில்லாத கத்தோலிக்க மூதாட்டி மன்னாரில் அரிது. பெருங்கூட்டத்தில் அவரால் இன்று நிற்க இயலாது. விழா முடிந்து ஒரு கிழமை கழித்து, ஆலயம் அமைதியாயிருக்கும் ஒரு காலை அவரை அழைத்துச் செல்லலாமே! திருக்கேதீச்சரத்தில், பாலாவித் தீர்த்தத்தை முகந்து தம் கையாலேயே சிவலிங்கத்துக்கு வார்க்கும் பேறு சிவராத்திரியன்று அடியார்க்குக் கிடைக்கிறது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலத்தில், குடம் தூக்க இயலாத கைக்கு ஒரு செம்பு நீரை மாணவனொருவன் தாங்கிக் கொடுத்தால் அவனுக்கு அது ஒரு பாடமுமாகும். புத்தளத்திலிருந்து மீண்டுவந்த ஒரு முஸ்லிம் பெரியவருக்குத் தம் பழைய பள்ளிவாசலின் முற்றம் வேண்டியிருக்கலாம். எல்லோரையும் ஒரே வண்டியிலேற்றி ஒரே இடத்துக்கு இழுத்துச் செல்லுதல் உலாவன்று. எங்கே போக விரும்புகிறீர்கள் என்று கேட்பதிலிருந்தே அது தொடங்குகிறது. கேட்பாரற்றுப் போன ஒருவருக்கு அக்கேள்வியே பாதி மருந்து.

காலமறிந்து செய்வதும் அவசியம். சோளகக் காற்று மணலை வாரி இறைக்கும் மாதங்களில், அதுவும் நண்பகலில், கடற்கரைக்கு அழைத்துச் செல்வது அறியாமை. மாரி மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களின் விடியற்பொழுது உகந்தது. அக்காலத்தில் வங்காலைச் சரணாலயத்தின் ஈரநிலங்களில் பூநாரைகள் வந்திறங்கியிருக்கும். சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமென 2010இல் ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்ட இடம் அது. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்து வழியிலேயே, வண்டியை விட்டிறங்காமலே அக்காட்சியைக் காணலாம். இதற்காகப் பெரும் பணம் தேவையில்லை.

இலக்கிய அன்பர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயரை நாம் அறியோம். பாட்டிலே அவர் ஊன்றி நிற்கும் தண்டே அவர்க்குப் பெயராயிற்று: தொடித்தலை விழுத்தண்டினார். இருமலுக்கிடையே சில சொற்களே பேசவல்ல அம்முதியவர், இளமையில் மரக்கிளையிலிருந்து ஆழ்ந்த மடுவிற் குதித்து அடிமணலை அள்ளிக் காட்டிய நாளை எண்ணி ஏங்குகிறார். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள அந்த ஏக்கத்தை வகுப்பறையிற் படித்துக் காட்டி, அவலச் சுவை என்று குறிப்பெழுதி, தேர்வில் மதிப்பெண்ணும் வழங்குகிறோம். அவ்வாறே நீரில் மூழ்கிச் சங்கு குளித்தவரும், கரைவலை இழுத்தவரும், பாய்விரித்துக் கடலோடியவரும் நம் கரையின் இல்லங்களில் அமர்ந்திருக்கின்றனர். கடல் ஒலிக்கும் தொலைவிலே இருந்துகொண்டு ஆண்டுக்கணக்கிற் கடலைக் காணாதிருக்கின்றனர். பாட்டில் வரும் முதியவருக்காக இரங்கும் நாம், பக்கத்துத் தெருவில் இருக்கும் முதியவரை அந்நீரின் கரைவரை ஒருமுறை அழைத்துச் செல்ல ஒரு மணி நேரம் இல்லையென்கிறோம்.

இல்லத்தினுள்ளே செய்யத்தக்க கருமங்களும் பல. வலை பொத்தத் தெரிந்த கைகள் இருக்கின்றன; பனையோலையிற் பெட்டியும் பாயும் இழைக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன. ஓர் இளங் கடற்றொழிலாளி கிழிந்த வலையைக் கொணர்ந்து, "அப்பு, இந்தக் கண்ணை எப்படிப் பிடிக்கிறது? ஒருக்காக் காட்டுங்கோ" என்று கேட்கட்டும். அதற்குக் கூலியும் கொடுக்கட்டும். சிறு தொகையானாலும் உழைத்துப் பெற்ற பணம் தானமாகப் பெற்றதினும் இனியது. கூத்துப் பாடல்களை அவற்றின் மெட்டோடு அறிந்தவரிடமிருந்து அவற்றைப் பதிவு செய்வதை உயர்தர வகுப்பு மாணவர்கள் ஒரு பணியாக மேற்கொள்ளலாம். அச்சேறிய கூத்து நூல்களில் சொல் இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் இழுத்துப் பாடுவது, எந்த இடத்தில் காலை மாற்றுவது என்பதைத் தாள் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். முதியவரை வெறும் தகவற் களஞ்சியமாகக் கருதி, வேண்டியதைக் கறந்துகொண்டு போவதும் ஒருவகை அவமதிப்பே. பாட்டுத் தெரியாதவருக்கும் கதை சொல்ல மறுப்பவருக்கும் கடற்கரை உரிமையுண்டு. பயன்படுபவர் என்பதற்காக அன்று, மனிதர் என்பதற்காகவே அவர்க்கு வெளியும் காற்றும் வேண்டும்.

எதிர்வாதங்களை நான் அறியாதவனல்லேன். வழியில் விழுந்து எலும்பு முறிந்தால் யார் பொறுப்பு என்பது முதல் வாதம். இரவும் பகலும் அலுக்காது உழைக்கும் இல்லப் பணியாளர் இதனைக் கேட்கும்போது அதில் நியாயமுண்டு. குறைந்த ஆட்களுடன் முதியோர் பலரைக் குளிப்பாட்டி, உடைமாற்றி, மருந்து கொடுப்பவரிடம் உலாவுக்கும் அழைத்துச் செல் என்று கட்டளையிடுவது அநீதி. ஆகையால் இச்சுமை வெளியிலுள்ளோராகிய நம்முடையது. ஒரு முதியவருக்கு ஒரு துணை; ஒரு வண்டியில் இருவருக்கு மேல் வேண்டாம்; தாதியின் ஒப்புதல், குடிநீர், குடை, மருந்து, போகுமிடத்தில் மலசலகூட வசதி ஆகியவற்றை முன்னரே உறுதிசெய்தல்; இரண்டு மணி நேரத்துக்குள் திரும்புதல். இவ்வளவும் செய்தபின் எஞ்சும் ஆபத்து சிறிது. சுவரோர நாற்காலியிலும் ஆபத்து உண்டு. அசையாத கால் வலுவிழக்கிறது. வலுவிழந்த கால்தான் குளியலறையில் வழுக்குகிறது. அவ்விபத்தை நாம் விதியென்கிறோம். கடற்கரையில் நேர்வதை மட்டும் கவலையீனம் என்கிறோம்.

பழைய இடங்களைக் காட்டினால் பழைய துயரம் கிளறப்படாதா என்பது இரண்டாவது வாதம். கிளறப்படலாம். போர் நடந்த நிலத்தில் ஒவ்வொரு மண்ணிலும் ஒருவருக்கு ஓர் இழப்பு உண்டு. எனவேதான் இடத்தை அவரே தேரவேண்டுமென்றேன். வேண்டாமென்று கூறும் உரிமையும் அவருடையதே. ஆனால் அவர் அழுதுவிடுவாரோ என்ற நம் அச்சத்துக்காக, அழும் உரிமையை அவரிடமிருந்து பறிக்கலாகாது. சுவரை நோக்கி மௌனமாக அழுவதினும், தன் வீடிருந்த இடத்தில் ஒருவரின் தோளைப் பற்றிக்கொண்டு அழுவது ஆறுதல் தரும்.

எழமுடியாது படுக்கையில் இருப்பவர்க்கு என்ன செய்வது என்பது மூன்றாவது. கட்டிலைச் சாளரத்தருகே நகர்த்துவதும் ஓர் உலாவே. மாலையில் அதனை விறாந்தைக்குக் கொணர்ந்தால் அது பெரும் பயணம். அன்று பிடிபட்ட மீனையும், மடுவிலிருந்து கொணர்ந்த ஒரு பிடி மண்ணையும், பாலாவித் தீர்த்தத்தையும் அவரிடம் கொண்டு சென்றால், போக முடியாதவரிடம் ஊரே வந்ததாகும்.

இக்கட்டுரையைப் படிப்போரிற் பலர் ஆசிரியர்களும் மாணவர்களும் என்பதால், நான் கேட்பது இதுவே. அயலிலுள்ள இல்லத்தோடு ஒவ்வொரு பாடசாலையும் ஒரு தொடர்பை ஏற்படுத்திக் கொள்ளட்டும். ஒக்டோபர் முதலாந் திகதி ஐம்பது பேர் சென்று பாட்டுப் பாடித் திரும்புவதை விட, மாதந்தோறும் ஐவர் செல்வது மேல். சென்ற மாதம் வந்த அதே ஐவர் மீண்டும் வரவேண்டும். புதிய முகங்கள் எத்தனை வந்தாலும் அவை விருந்தினர். திரும்பி வரும் முகமே உறவு. வெளிநாட்டிலிருந்து உணவுக்குப் பணம் அனுப்பும் அன்பர்கள், ஆண்டில் ஒரு முறையாவது அந்தத் தொகையை வண்டிக்கூலியாக மாற்றி, உங்கள் தாயின் நினைவு நாளில் வேறொரு தாய் கடலைக் காணச் செய்யுங்கள். இல்ல நிருவாகத்தினர், உணவு வழங்கியோர் பெயர்களை எழுதும் பலகையின் அருகே இன்னொரு பலகையை வைத்து, இல்லத்தில் வாழ்வோர் ஒவ்வொருவரும் போக விரும்பும் ஓரிடத்தை அதில் எழுதட்டும். முதற்பலகை நிறைந்திருக்கும் ஊரில் இரண்டாவதை நிறைவேற்ற ஆள் கிடையாதென்று நான் நம்பவில்லை.

இதிற் காலந்தாழ்த்தல் கூடாது. பாடசாலைக்குக் கட்டடம் இவ்வாண்டு கிடைக்காவிடில் அடுத்த ஆண்டு கிடைக்கலாம், பிள்ளைகள் காத்திருப்பர். எண்பத்து மூன்று வயதானவரிடம் அடுத்த தை மாதம் பார்ப்போம் என்று கூறுவது எளிதன்று. வாடை ஓய்ந்து கடல் அமைதியடையும் இந்த ஆண்டின் ஒரு விடியலே அவருக்குரிய நாள்.